தப்பா போடு

புது ரவுட்டர் வந்த மறுநாள் மாமனாரின் வாய் மூடிக்கொண்டது.

இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் பதறிப்போவார்கள். அவருடைய சொந்த வாய் மூடி நாளாகிவிட்டது. பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் மடக்கிப் போட்டபோது, போகிற போக்கில் பேச்சையும் எழுத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. சொன்னால் புரியும், திருப்பிச் சொல்லத்தான் முடியாது. ஊமை கண்ட கனாவைப்போல எல்லாம் உள்ளேயே கிடக்கும். அதன் பிறகு அவருக்கு வாயாக இருந்தது ஒரு பழைய டேப்லெட். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள். இடது கைச் சுட்டுவிரலால் ஒரு படத்தைத் தொட்டால் டேப்லெட் அதைச் சொல்லும். நாலைந்தைத் தொட்டால் கோத்துச் சொல்லும். தண்ணீர், வலி, ஜன்னல், மகன், மகள், போ, வா, வேண்டாம், சும்மா இரு.

'சும்மா இரு' என்ற கட்டம் அதிகம் தேய்ந்திருந்தது.

கட்டங்களை ஒவ்வொன்றாக அடுக்கியவள் மருமகள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. எதையும் அவசரமில்லாமல், ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் என்று செய்து பழகியவள். மாமனாரின் விரல் எங்கே எளிதாக எட்டுகிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துப் பார்த்து, படங்களை இடம் மாற்றி மாற்றி வைத்திருந்தாள். இப்போது அவர் திரையைப் பார்க்காமலேயே 'வேண்டாம்' சொல்வார்.

டேப்லெட்டுக்கு ஒரு குறை உண்டு. கிழடாகிவிட்டது. குரலைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெம்பு இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் இணையத்திடம் போய்க் குரல் வாங்கி வரவேண்டும். அந்த வீட்டிலோ கைபேசிச் சிக்னல் மாடிப்படி முனையோடு நின்றுவிடும். ரவுட்டர்தான் கதி.

பழைய ரவுட்டர் பட்டுப்போனது. கணவன் முந்தின நாள் புதியதை வாங்கி மாட்டினான். அவனுடைய போன், அவளுடைய போன் இரண்டையும் பெட்டியில் இருந்த க்யூஆர் கட்டத்துக்கு முன்னால் காட்டினான். இரண்டும் சட்டென்று ஒட்டிக்கொண்டன. டேப்லெட் அந்நேரம் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. "அது தானா புடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் துறைமுகத்துக்குப் போய்விட்டான். கிரேன் ஓட்டுகிறவன். மேலே ஏறிவிட்டால் போனைத் தொடக் கூடாது. இறங்கித் தேநீர் குடிக்கும்போதுதான் பார்ப்பான்.

அது தானாகப் பிடித்துக்கொள்ளவில்லை.

வேறொரு நாளாக இருந்தால் பாதகமில்லை. அன்று நாலு மணிக்கு முதியோர் இல்லத்திலிருந்து ஒரு அலுவலர் வருகிறார். ஏற்பாடு நாத்தனாருடையது. அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்த இல்லம். அப்பா அங்கே வந்துவிட்டால் தினமும் போய்ப் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். இல்லத்துக்கு ஒரு விதி: தங்க வருகிறவரிடமே நேரில் கேட்பார்கள், அவர் சம்மதிக்க வேண்டும்.

அவர் எப்படிச் சம்மதிப்பார்? தலையாட்டுவார். 'பசிக்குதா?' என்றாலும் ஆட்டுவார், 'பசிக்கலையா?' என்றாலும் ஆட்டுவார். அடிபட்ட தலைக்கு ஆமாமும் இல்லையும் ஒரே ஆட்டம்தான். தலையாட்டலைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று மருத்துவரே சொல்லியிருந்தார்.

நாத்தனார் மதியமே வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "என்ன, டேப்லெட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே? அப்பாவுக்குச் சட்டை மாத்தலையா?" என்றாள்.

"மாத்தலாம் அண்ணி. இது இணையத்தோட சேர மாட்டேங்குது."

"அதுக்குப் பதினாறு வயசு மாதிரி இருக்கு, சேராம அடம் பண்ண. தூக்கிப் போடு. என் போன்ல அந்த ஆப்பை இறக்கிக் குடுக்கறேன்."

"உங்க போன்ல கட்டம் மூக்குத்தி சைஸ்ல இருக்கும். ஒண்ணைத் தொடப்போனா மூணு பேசும். மாமாவுக்கு இதுலதான் விரல் பழகியிருக்கு."

"அவருக்கு என்ன, தலையாட்டினா போச்சு."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோர நாற்காலியில் மாமனார் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காது இங்கேதான் இருந்தது என்பது கழுத்தின் விறைப்பில் தெரிந்தது.

"போன வாரம் நான் கேட்டப்போ ஆட்டினாரே" என்றாள் நாத்தனார், கொஞ்சம் தணிந்து. "மௌனம் சம்மதம்னு சும்மாவா சொன்னாங்க."

மௌனத்தைப் பற்றி மருமகளுக்கு வேறு எண்ணம் இருந்தது. இந்த வீட்டில் அவளும் மாமனாரும் தனியாக இருந்த பகல்கள் ஏராளம். அவருடைய மௌனங்களை அவள் தரம் பிரிப்பாள். சாப்பிட்ட பிறகு வருவது ஒன்று, வலியை மறைக்க வருவது ஒன்று, பழையதை நினைத்து வருவது ஒன்று. அவற்றில் சம்மதம் என்று பெயர் வைக்கத் தக்கதை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் இருக்க விரும்புகிறாரா, போக விரும்புகிறாரா என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. அதுதான் உறுத்தியது. தனக்கு எது வேண்டும் என்பதும் தெரியவில்லை. கடைக்கும் வீட்டுக்குமாக ஓடிக் கால் ஓய்ந்த சில நாட்களில், அவர் சரி என்று சொல்லிவிட்டால் தேவலை என்று தோன்றியதுண்டு. தோன்றிய கையோடு வெட்கமும் வந்ததுண்டு. எதுவாக இருந்தாலும் அவர் சொல்லட்டும். அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"நாலு மணிக்குள்ள இதைப் பேச வச்சுடுவேன் அண்ணி. நீங்க சட்டையை மாத்துங்க."

"அவ்ளோ நம்பிக்கையா?"

"கண்ணாடியே வாங்க மாட்டேன்னு வந்தவங்களுக்கெல்லாம் கண்ணாடி போட்டு அனுப்பியிருக்கேன்."

டேப்லெட்டைத் திறந்து பார்த்தாள். அக்கம்பக்கத்து வீடுகளின் இணைப்புகள் வரிசையாக நின்றன. ஒருவர் 'கேட்காதே' என்று பெயர் வைத்திருந்தார், இன்னொருவர் தன் பூனையின் பெயரை. இவர்கள் வீட்டின் பெயர் மட்டும் அந்த வரிசையில் இல்லை. கையில் இருந்த போனில் அதே பெயர் முதல் ஆளாக நின்றது. டேப்லெட்டை அணைத்துப் போட்டாள். பழைய ரவுட்டரின் நினைவை அழித்தாள். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் மூக்கோடு மூக்கு உரச வைத்தாள். எதிரே நிற்கிற ஆளைத் தெரியாததுபோல் டேப்லெட் பூனைவீட்டையே காட்டிக்கொண்டிருந்தது.

பெயரே தெரியவில்லை என்றால் பாஸ்வேர்டில் கோளாறு இல்லை, என்று அவள் மனதுக்குள் ஒரு பக்கத்தைத் தேய்த்து முடித்தாள். ஒன்று பார்க்கவில்லை, இல்லை பார்க்கத் தெரியவில்லை.

கடையில் இதே கூத்து நடந்திருந்தது. புது ரவுட்டர் மாட்டியதும் லென்ஸ் வெட்டும் பழைய இயந்திரம் படுத்துக்கொண்டது. பழுது பார்க்க வந்தவர் வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டே விளக்கினார். இந்தப் புதுசுகள் வேகமான அலையில் பேசுகின்றன. பழசுகளுக்கு மெதுவான அலை மட்டும்தான் கேட்கும். போதாததற்குப் புதுசு மாட்டுகிற பூட்டும் புது மாதிரி. பழசிடம் அதற்குச் சாவி கிடையாது. ரவுட்டரின் அமைப்புக்குள் போய் மெதுவான அலையைத் தனியாகத் திறந்துவிட்டு, அதற்குப் பழைய பூட்டைப் போட்டால் போதும். "கெழவனோட பேசணும்னா கெழவன் பாஷையில பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் போனில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அது பாஸ்வேர்டு கேட்டது.

ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் போட்டாள். தவறு என்றது. கணவன் மாற்றியிருக்கிறான். மாட்டும்போதே, இணைப்புக்கும் அமைப்புக்கும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டதாக அவன் பெருமையடித்தது நினைவுக்கு வந்தது. அது என்ன என்று அவள் கேட்கவில்லை. போனைக் காட்டியதும் ஒட்டிக்கொண்டதே!

"பின்னாடி ஊசி ஓட்டை ஒண்ணு இருக்கு பாரு" என்றாள் நாத்தனார், அப்பாவின் கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டே. "அதுல குத்தினா எல்லாம் புதுசாயிடும். என் மாப்பிள்ளை அப்படித்தான் செய்வார்."

"புதுசாயிடும். அப்புறம் கம்பெனிக்காரன் குடுத்த பேரு, நம்பர் எல்லாம் திரும்பப் போடணும். அது உங்க தம்பிக்குத்தான் தெரியும். இருக்கறதும் போயிடும் அண்ணி, உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணான்னு."

கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். 'ரவுட்டர் பாஸ்வேர்டு என்ன? உடனே வேணும். மாமா டேப்லெட்.'

பதில் வரவில்லை. கிரேன் மேலே இருப்பான். அவள் அவனுடைய பிறந்த நாளைப் போட்டாள். தன்னுடைய பிறந்த நாளைப் போட்டாள். இல்லை என்று ரவுட்டர் சொன்னபோது லேசாக வருத்தமாக இருந்தது. இதற்கு மேல் போட்டால் பூட்டிக்கொள்வேன் என்று எச்சரித்தது. கையை எடுத்துவிட்டு, போனை மேசையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனார் அப்பாவுக்குத் தலை வாரினாள். சீப்பு போகிற சத்தம் மட்டும் கேட்டது.

போன் அதிர்ந்தது.

அவன் எப்போதும்போலத் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். ஒரே சொல், இடைவெளிகூட இல்லை: thappapodu.

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். முகம் சிவந்தது.

"என்னடி சொல்றான்?"

"தப்பா போடுங்கறார்!" போனை மேசையில் அடிக்காத குறையாக வைத்தாள். "நான் இங்க பாஸ்வேர்டு என்னன்னு கேட்டா, தப்பா போடுவாம்! நக்கலைப் பாருங்க அண்ணி. மூணு தடவை தப்பா போட்டுட்டுத்தானே கேக்கறேன், அதை எனக்குச் சொல்லிக் குடுக்கணுமா?"

"அவன் எப்பவும் அப்படித்தான். சின்ன வயசுலயே, மணி என்னன்னு கேட்டா கடிகாரத்தைப் பாருன்னுவான்."

'விளையாடற நேரமா இது?' என்று அடித்து அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான். தேநீர் முடிந்திருக்கும், மறுபடி மேலே ஏறியிருப்பான்.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமனார் சிரித்தார். அவருடைய சிரிப்பு இப்போதெல்லாம் இருமலுக்கும் விக்கலுக்கும் நடுவில் இருக்கும். தெரியாதவர்கள் முதுகைத் தட்ட ஓடி வருவார்கள். சிரித்துக்கொண்டே இடது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். எதையோ பிடிப்பதுபோல் விரல்களை மடக்கி, பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினார்.

"கதவைச் சாத்தணுமா மாமா? காத்து அடிக்குதா?"

தலையை ஆட்டினார். அதைத்தான் நம்பக் கூடாது. ஆனாலும் அவள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிவிட்டு வந்தாள். அவர் நாற்காலிக் கையை ஓங்கித் தட்டினார். மறுபடியும் அதே கை, அதே உயரம், அதே தள்ளு. இம்முறை கண்கள் மேசைமேல் இருந்த போனையே பார்த்தன.

சீப்பைப் பிடித்தபடி நாத்தனார் உறைந்துபோய் நின்றாள்.

"அவன் என்ன போட்டிருக்கான்? திரும்பப் படி."

"தப்பா போடு."

"தப்பா இல்லடி! தாப்பா! தாப்பா போடு!"

மருமகளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. ஆங்கில எழுத்துக்கு நெடிலும் தெரியாது, குறிலும் தெரியாது. தப்பும் தாழ்ப்பாளும் அதற்கு ஒன்றுதான்.

"லாரி ஓட்டினப்போ" என்றாள் நாத்தனார். குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "அப்பா விடியறதுக்கு முன்னாடி கெளம்புவார். போனா திரும்பி வர நாலு நாளோ, பத்து நாளோ. வாசல்ல நின்னு முத்தம் குடுக்கறது, அழறது, அதெல்லாம் கெடையாது. பாதிப் படி எறங்கினதும் கீழேருந்து ஒரு குரல் வரும், 'தாப்பா போடு'ன்னு. அம்மா தாப்பா போடற சத்தம் கேட்ட பிறகுதான் மிச்சப் படி எறங்குவார். நாங்க ரெண்டு பேரும் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு அதைக் கேட்டுட்டுத்தான் திரும்பத் தூங்குவோம்." மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பய அதைப் போய் ரவுட்டருக்கு வச்சிருக்கான்."

மாமனார் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். யாரும் பேசவில்லை. இதை எந்த வகையில் சேர்ப்பது என்று மருமகளுக்குத் தெரியவில்லை. அவள் அறிந்த மௌனங்களில் இது இல்லை. இதில் மூன்று பேர் இருந்தார்கள்.

பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கணவன் அடித்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டாள். ரவுட்டரின் கதவு திறந்தது.

அதற்கப்புறம் அவளுடைய ராஜ்யம். வேகமான அலையையும் மெதுவான அலையையும் ஒரே பெயரில் முடிச்சுப் போட்டு வைத்திருந்ததைப் பிரித்தாள். மெதுவானதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்று கேட்டது. 'மாமா' என்று வைத்தாள். பூட்டைப் பழைய மாதிரிக்கு மாற்றினாள். ரவுட்டர் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தது. டேப்லெட்டில் பூனைவீட்டுக்கு மேலே புதிதாக ஒரு பெயர் முளைத்தது.

"வந்துட்டார் உங்க ஆளு" என்றாள். மாமனார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

டேப்லெட்டிலும் தாழ்ப்பாளைப் போட்டாள். இணைந்தது. படக் கட்டங்கள் இருக்கும் பேச்சுப் பலகையைத் திறந்தாள். 'இந்த இணைப்பு நம்பகமானதல்ல' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடையுதே!" என்று நாத்தனார் தலையில் கை வைத்தாள். இப்போது அவளும் இந்தப் பக்கம் வந்து, மருமகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, எதற்காக இந்த வீட்டுக்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டாள்.

"உடையாது. இருங்க." மருமகள் திரையின் மூலையைப் பார்த்தாள். ஒட்ட ஒட்டச் சார்ஜ் தீர்ந்து செத்து எழுந்ததில், டேப்லெட் தேதியை மறந்திருந்தது. அதன் கணக்கில் அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அத்தனை பழைய தேதியைக் காட்டிக்கொண்டு போனால் யார்தான் உள்ளே விடுவார்கள்? தேதியைத் திருத்தினாள். பலகை சுற்றியது, சுற்றியது, கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

வாசல் மணி அடித்தது.

அலுவலர் நடுவயதுப் பெண். சத்தம் வராத செருப்பு, மெதுவான குரல். நாற்காலியை மாமனாருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் படாத தூரத்தில் உட்கார்ந்தார். அவசரப்படாத ஆள் என்று மருமகளுக்கு உடனே பிடித்துப்போயிற்று. டேப்லெட்டை மாமனாரின் மடியில் இடது கைக்கு வாகாகச் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள்.

"ஐயா, எங்க இல்லத்துல வந்து தங்க உங்களுக்குச் சம்மதமா?"

மாமனார் தலையை ஆட்டினார்.

அலுவலர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் வாயைத் திறந்தாள். ஒரு சொல் போதும். அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"தலையாட்டறதை எடுத்துக்காதீங்க" என்றாள். "அவர் சொல்லுவார்."

காத்திருந்தார்கள். விரல் திரைக்கு மேலே நின்றது. அவர் வருகிறேன் என்றால் காட்டுவதற்கு ஒரு முகமும், வரமாட்டேன் என்றால் காட்டுவதற்கு ஒரு முகமும் மருமகள் காலையிலிருந்தே தயாராக வைத்திருந்தாள்.

"வேண்டாம்" என்றது டேப்லெட்.

நாலு பேரும் திடுக்கிட்டார்கள். டேப்லெட்டில் அவருக்கென்று வைத்திருந்த ஆண்குரலைக் காணோம். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற பெண்ணின் குரல், தேன் வழிய, 'வேண்டாம்' என்றது. மறுபடி உயிர் பெற்றபோது டேப்லெட் கையில் கிடைத்த குரலை மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. மாமனார் திரையை முறைத்தார்.

"மாத்திடறேன் மாமா, ஒரு நிமிஷம்."

'சும்மா இரு' என்றாள் அந்த ரயில் நிலையப் பெண், மிகுந்த மரியாதையோடு.

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் விரல் நிற்கவில்லை. மெதுவாக ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் போயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் தங்கிற்று.

"பகல். அங்கே. ராத்திரி. வீடு."

அறையில் யாருக்கும் உடனே பிடிபடவில்லை. அவர் மறுபடியும் அதே நான்கையும் தொட்டார். பிறகு இன்னும் இரண்டு. "மகள். தினமும்." ஒரு இடைவெளி. "மருமகள். தூக்கம்."

"பகல்ல மட்டும் வர்றேங்கறீங்களா?" என்று அலுவலர் முன்னால் குனிந்தார். "அப்படியும் சில பேர் வர்றாங்க ஐயா. காலையில வந்துட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவாங்க. வண்டி வரும். யாரும் கேக்கலை, அதான் நான் சொல்லலை."

"எனக்கு இது தோணவே இல்லையே" என்றாள் நாத்தனார். "வர்றீங்களா, மாட்டீங்களான்னுதானே கேட்டுக்கிட்டே இருந்தேன்."

மருமகள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு முகங்களும் உதவவில்லை. இந்தப் பதிலுக்கு அவளிடம் முகம் இல்லை. இரண்டு பக்கமும் கதவு வைத்து, எதில் நுழைவாய் என்று இத்தனை நாளாக எல்லோரும் ஒரு மனிதரைக் கேட்டிருக்கிறார்கள். தலையை ஒன்றுக்குத்தான் ஆட்ட முடியும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் தனக்கென்று மூன்றாவதாக ஒன்றை யோசித்து வைத்திருக்கிறார். அவள் தரம் பிரித்து வைத்திருந்த மௌனங்களில் எதற்குள் அது இருந்தது? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதது குறையாகவும் படவில்லை. இனிமேல் கேட்டுக்கொள்ளலாம்.

"தினமுமே வர்றீங்களா, இல்ல வாரத்துல சில நாள் மட்டுமா ஐயா?" என்றார் அலுவலர்.

"திங்களும் புத..." என்று தொடங்கிய நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமனார் ஜன்னலைப் பார்த்தார். கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது; லாரிக்காரர் காதால் அதை அளந்தார். யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். மூன்று பெண்களும் அப்படியே இருந்தார்கள். ஒருத்தியும் அவருக்காக வாய் திறக்கவில்லை.

விரல் இறங்கியது.